விலை கூடிய ஐஸ் பெட்டி வீண் செலவா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்

என் தந்தையார் மீன் வியாபாரி. அதிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மொபெட்டில் தெருத்தெருவாக விற்பார். தடித்த சுவருள்ள பெட்டியின் விலை பல ஆயிரம் என்றதும், "வெறும் பெட்டிக்கா இவ்வளவு?" என்று திரும்பிவிட்டார். அவர் கேள்வி நியாயமானதா?

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் சுவர் வழியாகவும், சரியாகப் பொருந்தாத மூடி வழியாகவும் உள்ளே நுழைகிறது. சுவரின் தடிமன் இரு மடங்கானால், சுவர் வழி வரும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகும்.

பல நாள் கடலில் தங்கும் படகுக்கு மிக உயர்ந்த பெட்டி தேவைதான். நண்பகலில் வீடு திரும்புபவருக்கு எதற்கு என்றே நானும் முதலில் எண்ணினேன். ஆனால் பதினொரு மணிக்கே ஐஸ் கரைந்து, மீன் பதம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில், அப்பா பாதி விலைக்குக் கொடுத்துவிடுவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மாலைவரை ஐஸ் நின்றால் அந்த அச்சம் நீங்கும். பேரம் பேசும் வலிமை அவரிடமே இருக்கும்.

ஆகவே நண்பர்களே, பெயருக்கும் பளபளப்புக்கும் பணம் தர வேண்டாம். தடித்த சுவருக்கும் இறுகிய மூடிக்கும் தரலாம். அது செலவன்று, உழைப்பவனின் முதலீடு!