ஊர் அறிந்தவர் திருத்தும்படி ஓர் இடைமுகம்

சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் இணைந்து 2021-இல் சிவகாசி மாநகராட்சி ஆனது. இதை விக்கிப்பீடியாவில் பதிய விரும்புபவருக்குக் கட்டுரையில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிவதில்லை. தகவற்பெட்டியில் நகரின் வகை, அடியில் பகுப்பு, விக்கித்தரவில் அதே விவரம் என மூன்று இடங்களைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தொகுக்கும் முறை வேறு. ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் முதல் வரியோடு நின்றுவிட்டால், அது அவர் குறை அல்ல. இடைமுகத்தை வடிவமைக்கும் நம் குறை.

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. பிறமொழி இணைப்புகளை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரிவரியாக எழுதிவைத்த காலம் 2013-இல் விக்கித்தரவால் முடிவுக்கு வந்தது. ஹாட்கேட் கருவி பகுப்புகளின் அருகிலேயே கூட்டல், கழித்தல் குறிகளை வைத்தது. தட்டச்சு செய்யும்போதே ஏற்கெனவே உள்ள பகுப்புகளைக் காட்டுகிறது. ஆனால் வார்ப்புரு (பல பக்கங்களில் பயன்படும் பொதுக் கட்டமைப்பு) வழியாக வந்த பகுப்பை அதனால் நீக்க முடியாது. அது எந்த வார்ப்புருவிலிருந்து வந்தது என்று பயனரே துருவிப் பார்க்க வேண்டும்.

தகவற்பெட்டிப் புலங்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. காமராசர் 1903-இல் பிறந்தபோது இன்றைய விருதுநகரின் பெயர் விருதுபட்டி. அது இருந்தது திருநெல்வேலி மாவட்டத்தில். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. அதிலிருந்து 1985-இல் பிரிந்ததே இன்றைய விருதுநகர் மாவட்டம். ‘பிறப்பிடம்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் ஒருவர் அன்றைய பெயரை இடுவார், இன்னொருவர் இன்றைய பெயருக்கு மாற்றுவார். இருவர் சொல்வதும் சரிதான். விக்கித்தரவில் ஒரு விவரத்துக்குத் தொடக்கக் காலமும் முடிவுக் காலமும் குறிக்கலாம். தகவற்பெட்டிப் படிவம் அதைக் கேட்பதே இல்லை.

நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு விவரத்தின் அருகிலும் அது எங்கிருந்து வருகிறது என்று காட்டி, அங்கேயே திருத்த வழி தர வேண்டும். ஒரு மாற்றம் வேறு எந்தப் பக்கங்களைத் தொடும் என்பதைச் சேமிக்கும் முன்பே சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டல் சற்று மாறினாலும் சரியான பகுப்பைப் பரிந்துரைக்க வேண்டும். இவை அனைத்தும் கைப்பேசியிலும் இயங்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: காட்சித் தொகுப்பியில் தோன்றும் ஒவ்வொரு வார்ப்புருப் புலத்துக்கும் விளக்கம் எழுத டெம்ப்ளேட்டேட்டா என்ற வசதியில் இடம் இருக்கிறது. நீங்கள் பராமரிக்கும் ஒரு வார்ப்புருவையாவது எடுத்து, அதன் புலங்களுக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதுங்கள். முதன்முறையாகத் தொகுக்க வரும் ஒருவரிடம் கொடுத்து, அவருக்குப் புரியும்வரை திருத்துங்கள்.