கணக்குப் பார்த்துக் கட்டினால் கவலையில்லையாம்!

கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவன்தான் தோற்பானாம்; கணக்குப் பார்த்துக் கட்டுகிறவன் தோற்கவே மாட்டானாம். குதிரைப் பந்தயத்துக்கு வக்காலத்து வாங்குவோர் இப்படித்தான் பேசுகிறார்கள். இங்கிலாந்திலே இந்தப் பேச்சு ஒரு சாத்திரமாகவே வளர்ந்துவிட்டது. எந்தப் பயிற்சியாளரின் குதிரைகள் எந்தத் திடலிலே நூற்றுக்கு எத்தனை வென்றன, எந்த ஜாக்கி எந்தப் பயிற்சியாளரோடு சேர்ந்தால் வெற்றி அதிகம் என்று அட்டவணை அட்டவணையாக அச்சிட்டுத் தருகிறார்கள். அதிலும் 'ஆல் வெதர்' பந்தயம் என்றால், கணக்குப் பொய்க்கவே பொய்க்காது என்று சத்தியம் செய்யாத குறை!

அது என்ன ஆல் வெதர்? புல் தரையிலே மழை பெய்தால் சேறு. உறைபனி விழுந்தால் பாறை. குளிர்காலத்திலே பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும். பந்தயம் நின்றால், பணம் கட்டும் கடைகளிலே வியாபாரம் ஏது? ஆகவே செயற்கைத் தரை வந்தது. 1989 அக்டோபர் 30இல் லிங்ஃபீல்டு திடலிலே பிரிட்டனின் முதல் ஆல் வெதர் பந்தயம் நடந்தது. அதே ஆண்டில் சவுத்வெல். 1993இல், இரவிலும் ஓடுவதற்கு மின்விளக்கோடு வுல்வர்ஹாம்ப்டன். பின்னர் கெம்ப்டன், செம்ஸ்ஃபோர்டு, நியூகாசில். மணலோடு இழைகளும் மெழுகும் கலந்த தரை. மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் மாறாது. அதே ஆறு திடல்களுக்கு அதே பயிற்சியாளர்கள், அதே ஜாக்கிகள், அதே குதிரைகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆகவே பழைய கணக்கு இங்கே ஓரளவு பேசும் என்பது உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. கணக்கு உண்மையென்றால், காசு ஏன் வரவில்லை?

ஒரு ஜாக்கியும் பயிற்சியாளரும் சேர்ந்து 100 ஓட்டங்களிலே 20 வென்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 1 பவுண்டு வீதம் 100 பவுண்டு கட்டுகிறான் ஒருவன். வெல்லும்போதெல்லாம் 4 பவுண்டு லாபமும் போட்ட 1 பவுண்டும் வந்தால், இருபது ஐந்து 100. போட்டது வந்தது, லாபமில்லை, நட்டமுமில்லை. லாபம் மூன்றரைப் பவுண்டாக இறங்கினால், கைக்கு வருவது 90. பத்துப் பவுண்டு புக்கியின் பெட்டியிலே! ஏன் இறங்குகிறது? அந்த ஜோடி அடிக்கடி வெல்கிறது என்பது இவன் ஒருவன் மட்டும் கண்டுபிடித்த இரகசியமா? ஊரறிந்த சேதி! ஊரே அதன் மீது கட்டுகிறது, விகிதம் சுருங்குகிறது. வெற்றிகளின் எண்ணிக்கையை அட்டவணை சொல்கிறது. கொடுத்த விலைக்கு அந்த வெற்றி தகுமா என்பதைத்தான் சொல்வதில்லை.

இன்னொரு வேடிக்கை. "இந்தத் திடலிலே நூற்றுக்கு 60 வெற்றி" என்று கொட்டை எழுத்திலே போடுவார்கள். ஓடியது எத்தனை என்று பார்த்தால் ஐந்தே ஓட்டம், வென்றது மூன்று! 200 பேர் ஆளுக்கு ஐந்து முறை நாணயத்தைச் சுண்டட்டும். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஐந்து முறையும் தலையே விழும். அவர்களுக்கு 'நாணயம் சுண்டும் நிபுணர்' என்று பட்டம் சூட்டுவோமா?

தரை மாறாது என்றார்களே, அதுவும் மாறியது. சவுத்வெல்லிலே கால் புதையும் ஆழமான மணல் தரை இருந்தது. அதற்கென்றே பெயர் பெற்ற குதிரைகளும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். 2021இல் அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு வேறு தரை போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த அட்டவணைகள் என்னவாயின? பழைய காகிதம்!

சரி, இத்தனையும் தாண்டி ஒரு கெட்டிக்காரன் வெல்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன மரியாதை தெரியுமா? தொடர்ந்து வெல்பவனிடம் புக்கி பெரிய தொகை வாங்க மறுக்கிறான்; கணக்கையே முடக்கிவிடுகிறான். பிரிட்டனிலே இது வழக்கமான நடைமுறை. தோற்பவனுக்குச் சிவப்புக் கம்பளம், வெல்பவனுக்குக் கதவடைப்பு! பந்தய அட்டவணையைக் கடைக்காரனே தன் பக்கத்திலே இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறான். தன்னைத் தோற்கடிக்கும் ஆயுதத்தை எந்த வியாபாரி தன் கையாலேயே இனாமாகத் தருவான்?

இந்த ஆட்டத்தின் அடித்தளம் எது என்று பாருங்கள். 1961இல் தொடங்கிய 'லெவி' என்னும் வரி, புக்கிகளிடமிருந்து வாங்கிப் பந்தயத்துக்கே கொடுக்கப்படுகிறது. 2017 முதல், 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த லாபத்திலே நூற்றுக்கு 10. புக்கியின் மொத்த லாபம் என்பது என்ன? கட்டியவர்கள் கட்டியதிலே, திரும்பக் கொடுத்தது போக மிஞ்சியது. அதாவது, கட்டியவர்களின் நட்டம்! மக்கள் தோற்றால்தான் பரிசுப் பணத்துக்கு வழி.

நம் நாட்டிலும் இந்த வழக்கு பழைய வழக்குதான். தமிழ்நாட்டிலே 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பந்தயம் திறமை ஆட்டமே என்று 1996இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குத் தலை வணங்குவோம். திறமை இருக்கிறது. குதிரையின் காலிலே இருக்கிறது, ஜாக்கியின் கையிலே இருக்கிறது, பயிற்சியாளரின் விடியற்கால உழைப்பிலே இருக்கிறது. விலை போடும் புக்கியிடம் எல்லோரைக் காட்டிலும் அதிகமாக இருக்கிறது. கூலிப் பணத்தைக் கொண்டுவந்து கட்டுகிறவனுக்குப் பங்கு எங்கே?

ஆகவே, கணக்குப் பார்க்கும் தோழனுக்கு ஒரு வார்த்தை. எந்த அட்டவணையிலும் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஓராண்டுக் காலம் ஒரு நோட்டிலே எழுதி வை. வருட முடிவிலே அந்த நோட்டை உன் வீட்டாரிடம் காட்டும் துணிவு உனக்கு உண்டா? உண்டென்றால், பிறகு பேசுவோம் திறமையைப் பற்றி!