நிழல்வலையிலிருந்து நேராக வண்டிக்கு

போன சித்திரையில் ஒரு தக்காளி வயலுக்குப் போயிருந்தோம். நட்டு மூன்றாம் நாள். நாற்றின் மேல் இலைகளில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். தொட்டால் காகிதம்போல் நொறுங்கின. நோய் என்று நினைத்து விவசாயி பூஞ்சாணக்கொல்லி வாங்கி வைத்திருந்தார். நாற்று கொடுத்த பண்ணைக்குப் போன் போட்டதற்கு, "உங்க தண்ணியில உப்பு" என்று பதில் வந்ததாம். உப்புமில்லை, பூஞ்சாணமுமில்லை. 25 நாளும் 50 சதவீத நிழல்வலைக்குள் வளர்ந்த இலை, ஒரே நாளில் முழு வெயிலைப் பார்த்திருக்கிறது.

நாற்றை வெளிச்சூழலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதுதான் ஹார்டனிங். குளிர்நாட்டுப் புத்தகங்கள் ஹார்டனிங் என்றால் பனியைத்தான் முதலில் பேசும். அங்கே அது சரி. ஓசூருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் வெயிலும் வறண்ட காற்றும்தான் கவலை. நிழலில் வந்த இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும். மெழுகுப் பூச்சு குறைவு. வெளியே வந்ததும் வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகமாகிவிடுகிறது. திசு வளர்ப்பு வாழைக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று இரண்டு ஹார்டனிங் வைத்திருக்கிறோம். குடுவையிலிருந்து எடுத்த கன்றை நேரே வயலுக்கு அனுப்ப யாரும் துணிவதில்லை. காய்கறி நாற்றுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

காரணம் நாற்றுப்பண்ணை நடத்தும் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் கூடுதலாகக் கிடக்கும் தட்டு அடுத்த விதைப்பின் இடத்தை அடைக்கிறது. வாங்க வருபவரும் உயரத்தையும் பச்சையையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார். வெயில் கண்ட நாற்று குட்டையாக, தண்டில் ஊதா ஓடி நிற்கும். தளதளவென்ற நாற்றின் பக்கத்தில் அது எடுபடாது.

25 நாளில் அனுப்பும் தக்காளிக்கு 18ஆம் நாளில் ஹார்டனிங் வேலை தொடங்க வேண்டும். தழைச்சத்துக் கரைசலை அன்றிலிருந்து குறைத்துவிடுங்கள். காலை வெயில் இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்து நாளுக்கு நாள் நீட்டி, கடைசி இரண்டு நாள் பகல் முழுக்க விடலாம். இதற்காகத் தட்டுகளை வெட்டவெளியில் பரப்ப வேண்டாம். வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருட்டை நச்சுயிரியும் கூடவே வரும். மேலே கட்டிய நிழல்வலையை மட்டும் சுருட்டி, 40 மெஷ் பூச்சிவலைக்குள்ளேயே வெயில் காட்டுவது நல்லது. வலையைச் சுருட்ட வசதியில்லாமல் கொட்டகை போட்டவர்கள் நம்மில் அதிகம். அடுத்த முறை வலை மாற்றும்போதாவது ஒரு கம்பி இழுத்துவிடுங்கள்.

தண்ணீரில்தான் கைப்பழக்கம் வேண்டும். 98 குழித்தட்டில் ஒரு குழியில் இருக்கும் தென்னை நார்க்கழிவு ஒரு கைப்பிடிகூட இல்லை. வெயில் பட்டால் ஒரே பகலில் சுக்காகிவிடும். தட்டைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் ஊற்றுங்கள். மதியம் இலை சற்றுத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் சரி. காலையிலேயே துவண்டிருந்தால் காயப்போட்டது மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். காலிபிளவரில் இன்னும் கவனம் வேண்டும். நாற்றைக் காயப்போட்டு முற்றவிட்டால் வயலில் பொத்தான் அளவு பூவோடு நின்றுவிடும்.

விற்பனைச் சீட்டில் விதைத்த தேதியை எழுதுகிறோம். அதற்குக் கீழே நிழல்வலை நீக்கிய தேதியையும் இந்தப் பட்டத்திலிருந்து எழுதிக் கொடுங்கள்.