சாட்டு மாறலாம், அநீதி மாறுவதில்லை

இனவாதத்தை வளர்த்தது சமயமா, டார்வினின் கூர்ப்புக் கொள்கையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. விசுவாசிகளுள் சிலர் விஞ்ஞானத்தின்மீது பழி போடுகின்றனர். சமயத்தை வெறுப்போர் விவிலியத்தின்மீது போடுகின்றனர். இரு சாராரும் உண்மையான குற்றவாளியைத் தப்பவிடுகின்றனர் என்பதே எமது கருத்து.

முதலில் எமது வீட்டைப் பார்ப்போம். 1452இல் பாப்பரசர் 5ஆம் நிக்கலஸ், முஸ்லிம்களையும் பிற சமயத்தவரையும் அடிமைப்படுத்தப் போர்த்துக்கல் மன்னனுக்கு அனுமதி வழங்கினார். 1537இல் 3ஆம் சின்னப்பர், அமெரிக்கப் பழங்குடியினரும் உண்மையான மனிதரே, அவர்களது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என அறிவித்தார். ஆயினும் அடிமை வியாபாரம் நிற்கவில்லை. ஆபிரிக்கர் நோவாவின் மகன் காமின் சந்ததியினர், ஆகவே சபிக்கப்பட்டோர் என்று சாட்டுச் சொல்லப்பட்டது. தொடக்க நூலின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சபிக்கப்படுபவன் காம் அல்ல, அவனது மகன் கானான். தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை.

அடுத்து விஞ்ஞானம். டார்வினின் நூல் 1859இல் வெளிவருமுன்னரே, மண்டையோடுகளை அளந்து மனித இனங்களைத் தரம் பிரித்த மோர்ட்டனின் நூல் 1839இல் அமெரிக்காவில் வெளிவந்துவிட்டது. இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை எனப் போதித்த பேராசிரியர் அகாசி, கூர்ப்புக் கொள்கையின் கடும் எதிரி. டார்வினோ அடிமைத்தனத்தை வெறுத்தவர். மனிதர் யாவரும் ஒரே மூதாதையரின் வழிவந்தோர் என 1871இல் வாதிட்டார். ஆனால் 'நாகரிக' இனங்கள் ஏனையோரை அழித்துவிடும் என்றும் அதே நூலில் எழுதினார். ஆதிக்க சக்திகள் பிந்தியதையே பற்றிக்கொண்டன.

இவ்விரு சாட்டுகளும் ஒரு மனிதரின் வாழ்வில் சந்தித்தன. கொங்கோ நாட்டு இளைஞரான ஒட்டா பெங்காவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் வேர்னர் என்னும் முன்னாள் மிஷனரி. 1904இல் சென். லூயிஸ் நகரக் கண்காட்சியில் அவர் காட்சிப்பொருளானார். 1906 செப்ரெம்பரில் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையின் குரங்குகள் பகுதியில் ஒரு குரங்கோடு சேர்த்து வைக்கப்பட்டார். சனங்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தனர். அவருக்காகக் குரல் கொடுத்தோர் கறுப்பினப் பப்ரிஸ்த போதகர்கள். கூர்ப்புக் கொள்கையையும் அவர்கள் எதிர்த்தனர். அதில் நாம் அவர்களோடு உடன்படவில்லை. ஆயினும் அங்கே நின்றவர் ஆன்மா உள்ள மனிதர் என்பதைக் கற்றவர்களைவிட அவர்களே தெளிவாகக் கண்டனர். அவர்களது எதிர்ப்பால் காட்சி நிறுத்தப்பட்டது. போதகர் கோர்டன் தாம் நடத்திய அநாதை இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். எனினும் நாடு திரும்ப வழியின்றி, 1916இல் ஒட்டா பெங்கா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில், அம்மிருகக்காட்சிச்சாலையை நடத்திய சங்கத்தின் செயலாளராயிருந்த மடிசன் கிராண்ட், வெள்ளையின உயர்வைப் போற்றும் நூலை வெளியிட்டார். சங்கம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

உண்மையான குற்றவாளி யார்? பிறரின் உழைப்பையும் நிலத்தையும் அபகரித்து, அதற்கு நியாயம் தேடும் பேராசையே. அது முதலில் மறைநூலைப் புரட்டியது. பின்னர் அளவுகோலைக் கையில் எடுத்தது. மனிதர் யாவரும் இறைசாயல் என்கிறது விசுவாசம். யாவரும் ஒரே குடும்பம் என்கிறது கூர்ப்பு. இவ்விரண்டிற்கும் இடையே பகையில்லை.

கிராமங்களில் பணிபுரியும் எமக்கு இதில் ஒரு பாடமுண்டு. "இந்தச் சனங்கள் பிறவியிலேயே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அதற்கு அவர் காட்டும் ஆதாரத்தை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடலாகாது. அச்சொல்லால் எவருக்குக் காணி கிடைக்கிறது, எவருடைய கூலி குறைகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.