ஒல்லியா இருந்தா போதுமா?

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி, விருத்தாசலம் கல்லூரியில் நாள் முழுக்க உட்கார்ந்து, திரும்பவும் பஸ். பி.டி. பீரியட் பள்ளியோடு முடிந்த கதை. 'நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு எக்சர்சைஸ்?' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

உலக அளவில் பி.எம்.ஐ. 25 என்றால்தான் கூடுதல் எடை. இந்தியர்களுக்கு 23 தொட்டாலே கணக்கு. அதே எடையிலும் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோயும் சீக்கிரம் எட்டிப்பார்க்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 25 என்ற தளர்வான கணக்கிலேயே தமிழகப் பெண்களில் 40.4%, ஆண்களில் 37% பேர் சிக்கினார்கள்.

வாரம் 150 நிமிட வேகநடை போதும். எடை குறையாவிட்டாலும் தசைகள் ரத்தச் சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஆனால் வகுப்பு முடிந்ததும் ஊர் பஸ்ஸுக்கு ஓடும் மாணவிக்கு மாலை மைதானம் எப்படி உதவும்? டைம்டேபிளுக்குள்ளேயே கல்லூரிகள் தினமும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்; டீமில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.