போனவருக்கும் ஒரு கிண்ணம்



ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வந்துவிட்டால் சீனக் குடும்பங்கள் துடைப்பமும் சாப்பாட்டுப் பாத்திரங்களுமாகக் கல்லறைக்குக் கிளம்பிவிடும். அன்று சிங்மிங் என்னும் முன்னோர் நினைவு நாள். புல்லைப் பிடுங்கி, கல்லில் மங்கிய பெயருக்கு மறுபடி வண்ணம் தீட்டி, சோறும் பழமும் தேநீரும் படைப்பார்கள். காகிதப் பணத்தை எரிப்பார்கள். காகிதத்தில் செய்த வீடு, கைபேசிகூட உண்டு. படைத்ததைப் பல குடும்பங்கள் அங்கேயே உட்கார்ந்து பகிர்ந்து உண்ணும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சாப்பாடுதான். அழுவதோடு விட்டுவிடாமல், துக்கப்படுகிறவர் கைக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் இறந்தவர் நினைவு உண்டு. சோற்றில் உணவுக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டால் பிள்ளைகளுக்கு அதட்டல் விழும். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவது வழக்கம்.

பெற்றோருக்கு மூன்றாண்டு துக்கம் காப்பது பழைய நெறி. ஓராண்டு போதாதா என்று சாய் வோ என்ற சீடர் கேட்டார். குழந்தை பெற்றவர் மடியை விட்டு இறங்கவே மூன்றாண்டு ஆகிறதே என்றார் கன்பூசியஸ். இதைவிட நியாயமான கணக்கு எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் அரசு அதிகாரிகள் பதவியை விட்டு 27 மாதம் துக்கம் காத்தார்கள். 1577இல் மிங் பேரரசின் மூத்த அமைச்சர் சாங் சூசெங், தந்தை இறந்தும் பதவியில் நீடித்தார். அதைக் கண்டித்து எழுதிய அதிகாரிகள் அரசவையில் பிரம்படி பட்டார்கள்.

1966இல் சீனாவில் தொடங்கிய கலாசாரப் புரட்சி இந்தச் சடங்குகளையெல்லாம் மூடநம்பிக்கை என்றது. முன்னோர் பெயர் பொறித்த பலகைகள் உடைந்தன. ஆனாலும் வழக்கம் மாயவில்லை. 2008 முதல் சிங்மிங் அரசு விடுமுறை நாள்.

போனவரை நினைக்கப் புதிய வழிகளும் பிறந்திருக்கின்றன. கொரோனாவைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்ததற்காகக் காவல்துறையின் கண்டிப்புக்கு ஆளான வூஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங், 2020 பிப்ரவரியில் அதே நோயால் இறந்தார். வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் அவருடைய கடைசிப் பதிவின் கீழே முன்பின் அறியாதவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள். காலை வணக்கம் சொல்கிறார்கள், தங்கள் அன்றாடக் கவலைகளைச் சொல்கிறார்கள், ஊர் நிலவரம் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோலத்தான் அவரிடமும் பேசுகிறார்கள்.

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் அக்கம்பக்கத்து வீட்டார் இறந்தவர்களுக்குத் தெருவோரம் படைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அவர்கள் யாருக்கு என்ன வைத்தார்கள், உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்