படம் சாட்சி சொல்லுமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. காமிராவையே காணாத காலத்து மக்கள் சொல்லிவைத்த இப்பழமொழி, இன்றுதான் தன் முழுப் பொருளையும் பெற்றிருக்கிறது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிரா. கடைக்குக் கடை ஒரு காமிரா. எங்கே என்ன நடந்தாலும், "வீடியோ இருக்கிறதா?" என்பதே முதற்கேள்வி. இருந்துவிட்டால் உண்மை நிலைநாட்டப்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இம்மாதம் ஆராய்வோம். பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதனை அறிவது மிகவும் இன்றியமையாதது.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று கூறி இரண்டு வீடியோக்கள் வடநாடெங்கும் பரவின. பிழைக்க வந்தவர்கள் அஞ்சினர். ஊரில் அவர்தம் பெற்றோரும் மனைவி மக்களும் கலங்கினர். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பிவைத்தது. அப்போது தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவராயிருந்த சைலேந்திர பாபு உண்மையை விளக்கினார். ஒரு வீடியோவில் இருந்தது, பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் இட்ட சண்டை. மற்றொன்றில் இருந்தது, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தமக்குள் இட்ட சண்டை. இரண்டும் முன்னரே நடந்து முடிந்தவை.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. படத்தில் தெரிந்த அடிதடி பொய்யன்று. "இன்னாரை இன்னார் அடித்தார்" என்று அதன்மேல் ஒட்டிய சீட்டே பொய். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சோதித்தால் இந்தப் பொய் அகப்படாது. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்டால்தான் அகப்படும்.

இரயில் நிலையப் பார்சல் அறையில் ஒரு மூட்டை வந்து இறங்கினால், அதன் தோற்றத்தைக் கண்டு யாரும் கையெழுத்திடுவதில்லை. அனுப்பியவர் யார், ஏற்றிய நிலையம் எது, கட்டும் முத்திரையும் கலையாமல் இருக்கின்றனவா, எடை சீட்டில் கண்டபடி இருக்கிறதா என்று பார்த்தே ஏற்கிறோம். நீதிமன்றமும் வீடியோவை அவ்வாறே பார்க்கிறது.

இதற்குச் சான்றாக அமைந்த பெருவழக்கு, நாம் வாழும் கேரளத்திலேயே பிறந்தது. 2011-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்ற பி. வி. அன்வர், வென்ற பி. கே. பஷீரின் தேர்தல் செல்லாது என்று வழக்கிட்டார். எதிர்த்தரப்பின் பேச்சுகளும் பிரசாரப் பாடல்களும் அடங்கிய குறுந்தகடுகளைச் சான்றாக வைத்தார். அவை பிற கருவிகளில் பதிந்து, கணினியில் ஏற்றி எடுத்த நகல்கள். சட்டம் கேட்கும் சான்றிதழ் அவற்றோடு இல்லை. ஆகவே அவற்றைச் சான்றாக ஏற்க இயலாது என்று 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அச்சான்றிதழைத் தர வேண்டியவர் மறுத்தால் என் செய்வது? மகாராஷ்டிரத்து ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் இக்கேள்வி எழுந்தது. வேட்புமனுக்கள் பிற்பகல் 3 மணிக்குப் பின் தரப்பட்டனவா என்பதற்குத் தேர்தல் அலுவலகத்து வீடியோவே சான்று. கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் விடை கூறியது: பதிவுசெய்த மூலக்கருவியை உரியவரே கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் வேண்டா, நகலாயின் கட்டாயம் வேண்டும், கொடுக்க மறுப்பவர்மீது நீதிமன்றத்தின் ஆணையைக் கேட்டுப் பெறலாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் இச்சான்றிதழ் உண்டு. அதில் இரு பகுதிகள்: ஒன்றைப் பதிவை முன்வைப்பவரும், மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். 'ஹாஷ்' மதிப்பு என்பதையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது பதிவு முழுவதையும் கணக்கிட்டு எடுக்கும் ஓர் அடையாளக் குறி. வீடியோவின் கைரேகை எனலாம். பதிவில் ஓர் இம்மி மாறினும் குறி முற்றிலும் மாறிவிடும். ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. குறி எடுத்த பின்னர் மாற்றம் நேரவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். முதலிலேயே பொய்யாகப் புனைந்த படத்தை மெய்யாக்கிவிடாது.

அவ்வாறு புனைவதும் இன்று எளிதாகிவிட்டது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், பழைய நண்பரின் முகம் வீடியோ அழைப்பில் தோன்றிப் பேசியதை நம்பி 40,000 ரூபாய் அனுப்பினார். அது செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய போலி முகம். இத்தகைய ஐயம் எழும்போது ஆய்வுக்கூடத்தார் பல சோதனைகள் செய்கின்றனர். பிம்பங்களின் வரிசையில் இடைவெளி உண்டா, ஒலி எங்கேனும் வெட்டுண்டதா, நிழலும் ஒளியும் பொருந்துகின்றனவா, இன்ன காமிராவில்தான் எடுத்ததா என்றெல்லாம் பார்க்கின்றனர். திருவனந்தபுரத்திலேயே மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கைக்கு மூலப்பதிவு போய்ச் சேர வேண்டுமே! அதைக் காப்பது நம் பொறுப்பு.

கழக்கூட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் கட்டட வேலைக்கும் காவல் பணிக்கும் செல்வோர், சிறுகடை நடத்துவோர் நம்மில் பலர் உளர். வேலையிடத்தில் விபத்து நேரலாம். கூலித் தகராறு எழலாம். திருட்டுப் பழி சுமத்தப்படலாம். மொழியும் உறவும் துணைநில்லாத அவ்வேளையில் ஒரு வீடியோவே நமக்குத் துணையாகக்கூடும். ஆதலின் இவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

கைப்பேசியில் எடுத்த பதிவை அழிக்காதீர், வெட்டாதீர், மேலே எழுத்தோ பாட்டோ சேர்க்காதீர். வாட்ஸ்அப்பில் அனுப்பினோமே என்று மூலத்தை நீக்கிவிடாதீர். அவ்வழியே செல்லும் வீடியோ சுருங்கிவிடுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உட்குறிப்புகளும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எடுத்தவர் பெயர், நாள், மணி, இடம் ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். சி.சி.டி.வி. கருவியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது பதிந்துவிடும். ஆகவே அப்பதிவைக் காக்க வேண்டுமென்று காமிராவுக்கு உரியவரிடமும் காவல் நிலையத்திலும் தாமதமின்றி எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள்.

பிறர் அனுப்பும் வீடியோவுக்கும் இதே அளவுகோல்தான். எடுத்தவரும் ஊரும் நாளும் தெரியாத ஒன்றை அடுத்தவருக்கு அனுப்பாதீர். தெரிந்த முகம் பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்து, நீங்கள் முன்னரே அறிந்த எண்ணில் அவரை அழைத்துப் பேசுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.

திருப்பூரில் பீகார்த் தொழிலாளி அன்று பட்ட அச்சத்தை வேற்றூரில் வாழும் நாம் எளிதில் உணர்வோம். நம்மைப் பற்றிய ஒரு பொய்ப்படம் பரவும் நாளில், பிறர் தீர விசாரிக்க வேண்டுமென்று விரும்புவோம் அல்லவா? அந்த விசாரணையைப் பிறர்க்கும் நாம் முந்திச் செய்வோமாக.